கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே

நேற்று மகள் ஒரு அகலத் திரையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அதைக் கணினியோடு பொருத்தி முடித்ததும் நான் முதலில் திறந்தது நாம் இருவரும் சேர்ந்து ஆடிய அந்தப் பழைய கணினி விளையாட்டைத்தான். நம் வாள்வீரன் வந்து நின்றான். கழுத்து அமுங்கி, இடுப்பு பெருத்து, வீங்கிப்போய் நின்றான். அன்றைய சதுரத் திரைக்கு வரைந்த படத்தை இது இரு பக்கமும் பிடித்து இழுத்துவிட்டது. “நோர்வேக்கு வந்து நாங்கள் ஆனமாதிரி ஆயிட்டான்” என்று நீர் சொல்லியிருப்பீர். சொல்ல நீர் இல்லாததால் நானே சொல்லிச் சிரித்தேன்.

ஹொல்ம்லியாவில் என் வீட்டுச் சிறிய அறை, ஞாயிற்றுக்கிழமைகள். கதிரையும் விசைப்பலகையும் உமக்கு. ஸ்டூலும் கொப்பியும் எனக்கு. எந்தக் கதவு, எத்தனை படி, எங்கே பொறி என்று எழுதிக்கொண்டே வருவேன். ஒவ்வொரு வாசலிலும் உம்மை நிறுத்தி, ஆட்டத்தைச் சேமிக்கச் சொல்வேன்.

“மாஸ்டர், நீர் எழுதி முடிக்கிறதுக்கிடையிலை இவனுக்குத் தலை நரைச்சிடும்.”

“நரைக்கட்டும். உயிரோடை இருக்கிறான்தானே.”

ஊரில் கணக்குப் படிப்பித்தவன் என்பதால் நீர் என்னை அப்படி அழைத்தீர். இங்கே நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தின் தரையைத் துடைத்தவர்கள்.

அந்தப் பள்ளம் வந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீரன் நின்ற தளம் முடிகிற இடத்தில் திரையும் முடிந்தது. அக்கரை இருக்கிறதா என்றே தெரியவில்லை.

“பாயட்டோ?”

“பொறும். அங்காலை நிலம் இல்லாட்டி?”

“இல்லாட்டி விழுவான். எங்கடை காலோ முறியப்போகுது?”

உம்முடைய விரல் விசையில் இருந்தது. நான் உம்முடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். ஒரு விளையாட்டுக்காக. நீர் கோபிக்கவில்லை. கையை மெதுவாக எடுத்துக்கொண்டு, “சரி, வாற கிழமை பாப்பம்” என்றீர். நான் சேமித்தேன்.

அடுத்த கிழமை நீர் லோறென்ஸ்கூக்கில் வாங்கிய வீட்டுக்குச் சாமான் கட்டத் தொடங்கினீர். பிறகு பிள்ளைகள், வேலை, பனி. தொலைபேசியில் மட்டும் அந்தக் கேள்வி தவறாமல் வரும்: “என்ன மாஸ்டர், அவன் இன்னும் விளிம்பிலையோ நிக்கிறான்?” “ஓம். வாரும், ரெண்டுபேருமாப் பாப்பம்” என்பேன். சென்ற குளிர்காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தும் அதையே கேட்டீர். நானும் அதே பதிலைச் சொன்னேன். தனியாகப் பாய எனக்குப் பயம் என்பதை அன்றாவது சொல்லியிருக்கலாம்.

கணினி மாறும்போதெல்லாம் அந்தச் சேமிப்பை மட்டும் மறக்காமல் பிரதி எடுத்து வந்திருக்கிறேன். இத்தகைய பழைய விளையாட்டுகளை அகலத் திரைக்குப் பொருத்த, யாரோ பொறுமைசாலிகள் சிறு நிரல்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மகள் ஒன்றைத் தேடி எடுத்தாள். அதில் இரண்டு தெரிவுகள். ஒன்றில், படம் பழைய சதுரமாகவே இருக்கும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். மற்றதில், முன்பு திரைக்கு வெளியே மறைந்திருந்த பகுதியும் தெரியும்.

“இதைப் போடுங்கோ அப்பா. அங்காலை என்ன இருக்கெண்டு பாயாமலே பாக்கலாம்.”

என் வாழ்நாள் முழுவதும் நான் விரும்பியது அதைத்தான். சுட்டியை அதன்மேல் கொண்டுபோய்விட்டேன். அப்போது, அன்று நான் பிடித்து நிறுத்திய உம்முடைய மணிக்கட்டு ஞாபகத்துக்கு வந்தது.

“வேண்டாம் பிள்ளை. கறுப்பையே போடு.”

“இவ்வளவு பெரிய ஸ்கிரீன் வாங்கித் தந்தது பாதியை மூடி வைக்கவோ?”

முணுமுணுத்தபடி மாற்றிக் கொடுத்தாள். வீரன் பழையபடி மெலிந்து அதே விளிம்பில் நின்றான். வலப்பக்கம் கறுப்பு. நான் விசையை அழுத்தினேன்.

விழுந்தான். ஆனால் பாய்ந்ததோடு படமும் நகர, விழுமுன் ஒரு கணம் கண்டேன்: அக்கரையில் நிலம் இருந்தது. நான் பயந்து, விளிம்புக்கு அரை அடி முன்னதாகவே பாயவிட்டிருக்கிறேன்.

நீர் கேலி செய்த அந்தச் சேமிப்பு அவனை மறுபடி விளிம்பில் கொண்டுவந்து நிறுத்தியது. நான்கு தரம் விழுந்தான். ஐந்தாம் தரம் அங்காலை நின்றான். கொப்பியில், “பள்ளம். அக்கரை தெரியவில்லை” என்ற வரிக்குக் கீழே, “நிலம் இருக்கிறது” என்று எழுதினேன்.

உடனே சேமித்தும் விட்டேன். அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகாது. பட்டைகளை மட்டும் எடுக்கவில்லை. இன்னும் எத்தனை விளிம்புகள் இருக்கின்றனவோ தெரியாது. ஒவ்வொன்றிலும் “பாயட்டோ?” என்று நீர் கேட்பது எனக்குக் கேட்கும். ஓம் என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.