பச்சை மையில் ஒரு கையெழுத்து

கல்பாக்கம்,
14 ஏப்ரல் 2002

ஆல்வின் அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் பிள்ளையும் சுகம். ராஜஸ்தான் வெயிலில் நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ என்றுதான் கவலை.

இதைப் போனிலேயே சொல்லத்தான் போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். உங்கள் ஹாஸ்டல் ஹாலில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் இருந்தார்கள் போல, நான் எதைச் சொன்னாலும் நீங்கள் "உம்" என்றீர்கள். கடிதத்துக்கு "உம்" என்று பதில் போட முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

ஆல்வின் சனிக்கிழமை தோறும் பொத்தேரி காலேஜிலிருந்து ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு வருகிறான். என்ஜினியரிங் படிக்கிற பிள்ளைக்கு ஒரு பனியனைத் துவைக்கத் தெரியவில்லை. உப்புக் காற்றில் பால்கனிக் கம்பி மறுபடி துருப்பிடித்துவிட்டது.

சென்னைக்குச் செக்கப்புக்குப் போய் வந்தேன். பயப்படாதீர்கள், எல்லாம் சுத்தமாக இருக்கிறதாம். போன வருடம் கட்டியை மட்டும் எடுத்து மார்பைக் காப்பாற்றிக் கொடுத்தார்களே, அதற்கு நான் நன்றி கெட்டவள் இல்லை. ஆனால் ரேடியேஷன் கரண்ட் வைத்து முடித்த பிறகு அந்த இடம் உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. நீங்கள் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். இடது பக்கம் கீழே, பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தது போலப் பள்ளமாக இருக்கிறது. முதுகிலிருந்து கொஞ்சம் சதையை, ரத்தக் குழாயை அறுக்காமல், அக்குள் வழியாக முன்னே கொண்டுவந்து அந்தப் பள்ளத்தை நிரப்பலாம் என்கிறார் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரம்மா. முழு மார்பையும் புதிதாகச் செய்வது இல்லை, குறைந்துபோன இடத்தை மட்டும்தான்.

ரவிக்கை தைக்கிற ஜெகதாம்பாளிடம் ஒரு பக்கம் சுருங்குகிறது என்று சொன்னேன். "இன்னாம்மா இதுக்குப் போயி, உள்ள பஞ்சு வெச்சுத் தெச்சுடறேன், யாருக்குத் தெரியப் போவுது" என்றாள். தைத்தும் கொடுத்தாள். வகுப்பில் போர்டில் எழுதக் கையைத் தூக்கினால் பஞ்சு மேலே ஏறிவிடுகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கண் ரொம்பக் கூர்மை.

நான் செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் வந்து கூட இருக்க வேண்டும். வேறெதுவும் கேட்கவில்லை.

உங்கள் அன்பு மனைவி,
ஹெலன்

*

ராவத்பாட்டா,
2 மே 2002

அன்புள்ள ஹெலனுக்கு,

சாலமோன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் கொளுத்துகிறது. மெஸ்ஸில் தினமும் ரொட்டியும் பருப்பும்தான். புளி கிடைத்தால் நானே ஒரு குழம்பு வைத்துவிடுவேன்.

செக்கப்பில் ஒன்றும் இல்லை என்று கேட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். நீ உயிர் பிழைத்ததே பெரிது. இப்போது எதற்கு மறுபடி ஆபரேஷன்? நன்றாக இருக்கிற முதுகைப் போய் அறுப்பார்களா? நமக்கும் வயதாகிறது. இனி யார் பார்க்கப் போகிறார்கள்? உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இங்கே என்னோடு வேலை செய்கிற ராமதாஸ் ஊருக்கு வருகிறார். அவரிடம் உனக்கு ஒரு கோட்டா சேலை கொடுத்தனுப்பியிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் பேர் போனது. பிரித்துப் பார்க்கவில்லை, கடைக்காரர் நல்ல கலர் என்றார். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
சாலமோன்

*

கல்பாக்கம்,
9 ஜூன் 2002

ஆல்வின் அப்பாவுக்கு,

சேலை வந்தது. இளநீலம், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொசுவலை மாதிரி அல்லவா இருக்கிறது! யார் பார்க்கப் போகிறார்கள் என்று எழுதிவிட்டு, உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற சேலையை அனுப்பியிருக்கிறீர்கள். படித்துவிட்டுச் சிரித்தேன், சேலையைப் பிரித்ததும் இன்னும் சிரித்தேன். பிறகு அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கோபம்தான். போன வருடம் கட்டுப் பிரித்த அன்று துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றீர்கள். நர்ஸ் துணியை விலக்கியதும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தீர்கள். அதிலேயே கண்ணை வைத்திருந்தீர்கள். எனக்கு நல்ல ஓய்வு வேண்டும் என்று ஆல்வின் அறையில் படுக்க ஆரம்பித்தீர்கள். கரண்ட் வைத்து முடித்து நான் தேறியும் அந்தக் கட்டிலை விட்டு நீங்கள் எழுந்து வரவில்லை. பிறகு மேலிடத்தில் ராஜஸ்தானுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் என்றீர்கள், நானும் உங்களுக்கு ஊறுகாய் போட்டுக் கொடுத்தேன்.

சேலையைக் கொடுக்க வந்த ராமதாஸ் சார் காபி குடித்துக்கொண்டே சொன்னார், "உங்களுக்குத் தெரியாதா, அவருதான் எழுதிக் குடுத்து டிரான்ஸ்பர் வாங்கிக்கினு போனாரு" என்று. என் முகத்தைப் பார்த்ததும் பாவம், காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

ஏன் என்று கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நீங்கள் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டீர்கள். நான் மட்டும் பயப்படவில்லையா? நானும் குளிக்கும்போது குனிந்து பார்க்காமல்தான் குளிக்கிறேன். இந்த வீட்டில் அதைப் பார்க்க ஒருவரும் இல்லை, என்னையும் சேர்த்து.

ஜூலை 22 திங்கட்கிழமை ஆபரேஷன். முந்தின நாளே வந்துவிடுங்கள். ஆஸ்பத்திரி ஆபீசில் புருஷன் கையெழுத்துக்கென்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதையும் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். கையெழுத்தை இங்கே வந்து போட்டால் போதும். என்ன செய்யப் போகிறார்கள் என்று தமிழில் படம் போட்டு எழுதியிருக்கிறார்கள், அதை நீங்கள் படிக்க வேண்டும் என்றுதான் அனுப்புகிறேன். படித்துவிட்டு வாருங்கள். பார்க்கப் பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு பாருங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
ஹெலன்

*

ராவத்பாட்டா,
4 ஜூலை 2002

அன்புள்ள ஹெலனுக்கு,

உன் முடிவுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். உனக்கு எது சந்தோஷமோ அதைச் செய்துகொள். இந்த மாதம் இங்கே ரியாக்டரை மெயின்டனன்ஸுக்காக நிறுத்தியிருக்கிறார்கள், லீவு கேட்டால் கிடைப்பது கஷ்டம். நிலைமையை நீ புரிந்துகொள்வாய்.

ஆனால் உன் காரியம் என்னால் தடைபடக் கூடாது. தாளில் கையெழுத்துப் போட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். வெறும் கையெழுத்தை ஆஸ்பத்திரியில் ஒத்துக்கொள்ளாமல் போனால் என்ன செய்வது என்று, இங்கே ஒரு கெஜட்டட் ஆபீசரிடம் பச்சை மையில் அட்டெஸ்டேஷனும் வாங்கி சீல் போட்டிருக்கிறேன். இனி யாரும் ஒன்றும் கேட்க முடியாது. எங்கள் வேலையிலும் அப்படித்தான், பர்மிட்டில் கையெழுத்து சரியாக இருந்தால் ஆள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

மேலே எழுதியிருப்பது அவர் கண்ணில் படாதபடி மடித்து, கீழ்ப் பகுதியை மட்டும் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன். அதைப் பற்றிக் கவலைப்படாதே. ஆல்வினைக் கூட வைத்துக்கொள். ஜெபிக்கிறேன்.

உன்
சாலமோன்

*

கல்பாக்கம்,
18 ஆகஸ்ட் 2002

ஆல்வின் அப்பாவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உடனே எழுத முடியாததற்குக் காரணம், முதுகில் தையல் இருந்ததால் குனிந்து உட்கார முடியவில்லை. ஆல்வினுக்குப் பரீட்சை, அதனால் மாடி வீட்டு சங்கரிதான் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். நாம் சண்டை போட்டோமே, மோட்டார் தண்ணீர் விஷயத்தில், அதே சங்கரி. என் தலையை வாரிவிட்டு, ரத்தம் வடிகிற குழாய் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு என்னை பாத்ரூமுக்குக் கூட்டிப் போனாள்.

உங்கள் தாளை ஆபீசில் கொடுத்தேன். பச்சைக் கையெழுத்தையும் சீலையும் பார்த்துவிட்டு அங்கே இருந்தவர், "இன்னாம்மா, கவர்னர் கையெழுத்து மாதிரி கீது, வூட்டுக்காரரு எங்க?" என்று கேட்டார். எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். டாக்டரம்மாதான் என்னை உள்ளே அழைத்துப் போனார். தாளை வாங்கிப் பார்த்தார். "இது ஒரு வழக்கத்துக்கு வாங்கறது. உங்க உடம்பு, நீங்க போட்டா போதும்" என்று சொல்லி வேறொரு தாள் கொடுத்தார். நான் போட்டேன். கறுப்பு மையில்.

பிறகு என்னை உட்கார வைத்து முதுகில் பேனாவால் கோடு போட்டார். நான் வழக்கமாகப் போடுகிற ரவிக்கை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். தழும்பு அதற்குள் மறைகிற மாதிரி அளந்து வரைந்தார். எனக்காக ஒருவர் இவ்வளவு கவனமாக என் உடம்பைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் கட்டைப் பிரித்தார்கள். அங்கே நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, பீரோக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். இன்னும் வீக்கம் இருக்கிறது. பழையபடி இல்லை, ஒட்டுத் தெரிகிறது. ஆனால் பள்ளம் இல்லை. சந்தோஷத்தில் யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஆல்வின் அறைக் கட்டிலில் போய் உட்கார்ந்து அழுதேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டீர்களே. நான் பார்த்துவிட்டேன்.

கையை மெல்ல மெல்லத் தூக்கப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். போர்டில் மேல் வரி வரை எழுத இன்னும் கொஞ்ச நாளாகும். ஜெகதாம்பாள் பஞ்சை எடுத்துவிட்டு ரவிக்கையைப் பிரித்துத் தைக்கிறாள். அது வந்ததும் உங்கள் கோட்டா சேலையைக் கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போகப் போகிறேன்.

ஊருக்குத் திரும்பி வர எழுதிக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். இனி நான் கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்குப் போன் செய்யவும் மாட்டேன்.

உங்கள் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். யாருக்கும் தேவைப்படவில்லை. மடிப்பு, படம் இருக்கிற இடத்துக்குக் கீழே விழுந்திருந்தது. அதை விரித்து, இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, மடிக்காமல் பெரிய கவரில் வைத்திருக்கிறேன். முடிந்தால் மேலேயிருந்து படித்துப் பாருங்கள்.

ஹெலன்