பதினான்காம் நம்பர் நிலம்

மர்பி டவுன், பெங்களூர்
14-9-1958

பிரியமுள்ள தனக்கோடிக்கு,

நான் சுகம், இருமல்கூடக் குறைந்துவிட்டது. அம்மாவுக்குப் படுக்கைப் புண் ஆறியதா?

ஒரு வேடிக்கை கேள். எங்கள் காய்கறித் தோட்டச் சங்கத்துக்குப் பத்து வருஷம் நிறைந்தது. அன்று காலி இடத்தைத் துண்டு போட்டபோது, குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். அடுத்த மாதம் நீ வந்துவிடுவாய் என்று நம்பி, பதினான்காம் நம்பரை உன் பெயரில் எழுதினேன். அம்மா படுக்கையில் விழுந்தது அதற்குப் பிறகுதானே. புதுச் செயலாளர் ஆராவமுதன் பதிவேட்டைப் பார்த்துச் சங்க வரலாறு என்று ஒரு புத்தகமே எழுதிவிட்டார். அதில், பத்து வருஷமும் நிலத்தை வாடவிடாத பெண்மணி நீதான்.

விழாவில் மாலையோடு நின்றுகொண்டு, "எங்கப்பா உன் சம்சாரம்?" என்றார்.

"ஊருக்குப் போயிருக்குதுங்க."

"இந்தச் சமயம் பாத்தா அனுப்புவே?" என்று கடிந்துகொண்டார். மாலையை நான்தான் வாங்கிக்கொண்டேன்.

நம் வீட்டு அவரை விதை ஒரு பிடி அனுப்பு. உன் பழைய புடவையில் தலையணை உறை ஒன்றும் தைத்து அனுப்பு.

மில் சங்கு ஊதுகிறது. புத்தகத்தை இதோடு வைத்திருக்கிறேன். பன்னிரண்டாம் பக்கத்தைப் பார். நீ இங்கே என்னோடு பத்து வருஷம் குடியிருந்திருக்கிறாய்.

முனிரத்தினம்