அழுக்கியின் மகள்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம், அவருடைய முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் அதற்கு மேல் விசாரிக்காமல் விஷயத்துக்கு வருகிறேன், காலையிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு வருஷமாக உண்ணி வந்து நம் தேனீக்களைச் சூறையாடுவது உனக்குத் தெரியும். கடுகளவு சிவப்புப் பூச்சி, அடையில் குஞ்சு வளரும் மெழுகு அறைக்குள் புகுந்து குஞ்சை உறிஞ்சிவிடும். பன்னிரண்டு பெட்டியில் ஐந்து காலி. மருந்து வைத்து வைத்து உண்ணிக்கே அது பழகிவிட்டது. இந்த வருஷமும் இப்படியே போனால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடுகிறோம் என்று போனில் வாக்குக் கொடுத்தேன், நீயும் எங்களுக்கென்று ஓர் அறைக்கு வர்ணம்கூட அடித்துவிட்டாயாம், மாப்பிள்ளை சொன்னார்.

இப்போது கேள். பின்சுவரோரம் கடைசிப் பெட்டி ராணிக்கு அப்பா வைத்த பெயர் அழுக்கி. அந்தப் பெட்டி வாசலெல்லாம் செத்த குஞ்சுகள், கூட்டிக் கூட்டி எனக்கு இடுப்பே விட்டுப்போனது. நோய் முற்றிய பெட்டி இதுதான், ராணியை நசுக்கிவிட்டு வேறு ராணி வைக்கலாம் என்று நாள்கூடக் குறித்துவிட்டேன். அதற்கு முந்தின நாள் தேனீ ஆய்வாளர் வந்தாள், உன் வயசுப் பெண். வாசலில் கிடந்ததை லென்ஸில் பார்த்துவிட்டு, 'பெட்டி நல்லா இருக்கும்மா. உண்ணி புகுந்த குஞ்சை மோப்பம் பிடிச்சு இழுத்து வெளியே வீசுதுங்க. இந்த ராணியையா நசுக்கப் போறீங்க?' என்றாள். எனக்குச் சுரீர் என்றது. போன வருஷம் இப்படிக் குப்பை தள்ளிய இரண்டு ராணிகளை என் விரலாலேயே நசுக்கியிருக்கிறேன்.

அவள் சொன்னபடி ஒவ்வொரு பெட்டியிலும் மூடிய குஞ்சு அறை நூறு எண்ணிக் குண்டூசியால் குத்தி வைத்தேன், உள்ளே செத்த குஞ்சை எந்தப் பெட்டி மோப்பம் பிடித்து அகற்றுகிறது என்று பார்க்க. மறுநாள் பார்த்தால் மற்ற பெட்டிகளில் பாதி அறைகூடச் சுத்தமாகவில்லை, அழுக்கி வீட்டில் தொண்ணூற்றாறு துடைத்து வைத்த மாதிரி! உடனே அவளுடைய இளம் புழுக்களை எடுத்து ஆறு ராணிகள் வளர்த்தோம். ஆனால் தாயின் குணம் மகளுக்கு வருமா என்று ஒரே கவலை. ராணிகள் கல்யாணத்துக்கு வானத்தில் பறந்துபோய்ப் பத்துப் பதினைந்து பேரைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள், மாப்பிள்ளை எந்தப் பெட்டியோ யார் கண்டது, உன் கல்யாணத்துக்காவது நாங்கள் நாலு இடத்தில் விசாரித்தோம். திரும்பி வந்தது நாலு ராணிதான். அவர்கள் பெற்றதுகள் பெட்டி நிரம்பட்டும் என்று இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். நேற்று குத்தினேன், இன்று காலை திறந்தேன். ஒருத்தி தேறவில்லை. மற்ற மூவரும் எண்பத்தெட்டு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்று நாலு! மருந்து ஒரு பொட்டுக்கூட வைக்கவில்லை. அப்பா அடை கட்டிய மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, 'இன்னொரு தடவை எண்ணு' என்று மூன்று தடவை எண்ண வைத்தார், கொட்டு வாங்கியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஆகையால் கோபித்துக்கொள்ளாதே, நாங்கள் அங்கே குடிவரவில்லை. அந்த அறையைப் பேத்திக்குக் கொடுத்துவிடு. உன் பக்கத்தில் இருக்க எனக்கு ஆசை இல்லையா, எழுதும்போதே கண் கலங்குகிறது. ஆனால் தோற்றுப்போய் வந்து உன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் நீ பார்க்கிற அம்மா நானாக இருக்க மாட்டேன். லீவுக்கு நீ வா, வெள்ளைச் சட்டையாக எடுத்து வா, கறுப்பைக் கண்டால் அழுக்கி வீட்டார் விடமாட்டார்கள். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும்.

இப்படிக்கு,
வாக்குத் தவறியும் ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருக்கும்
உன் அம்மா