ஒன்பதாம் பயிற்சி

9 நவம்பர், ஞாயிறு. டீட்டிகோன்.

மகள் லொசான் நகரில் வேலை கிடைத்துப் போனபோது தன் எஸ்கியூஎல் புத்தகத்தை இங்கே விட்டுவிட்டாள். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கக் கற்றுத்தரும் புத்தகம். செப்டெம்பரில் அதை எடுத்தேன். "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் போனை வைத்துவிடுவாள். பயிற்சியில் பிழை வருகிறது என்றால் ஒரு மணி நேரம் கதைப்பாள்.

இன்று காலை ஒன்பதாம் பயிற்சி. எதுவும் வாங்காத வாடிக்கையாளர்களின் பெயர்களை எடுக்க வேண்டும். முதல் முயற்சியிலேயே நான்கு பெயர்கள் வந்தன. சரியான விடை. புத்தகத்தை மூடிவைத்தேன்.

மத்தியானம் மகளின் அழைப்பு வந்தது.

"என்னப்பா, இண்டைக்கு எங்கை மாட்டுப்பட்டியள்?"

"ஒன்பதிலை. ஒரு பெயரும் வருதில்லை."

"எழுதினதை வாசியுங்கோ."

போன கிழமை உண்மையாகவே விட்ட பிழையைத் திரும்ப வாசித்தேன். முப்பது வருடம் நிருபராக இருந்தவன். நடக்காததை ஒருநாளும் எழுதியதில்லை.

"போன கிழமையும் இதே பிழைதானே! உங்களுக்குப் பேப்பரிலை ஆர் வேலை தந்தது?" என்று சிரித்தாள். பிறகு முதலிலிருந்து பொறுமையாக விளக்கினாள். இடையில் தேத்தண்ணி ஊற்றினாள். கரண்டி கலக்கும் சத்தம் கேட்டது. ஐம்பத்திரண்டு நிமிடம்.

வைக்கப் போகும்போது சொன்னாள்: "அப்பா, அடுத்த ஞாயிறு வேறை பிழை ஒண்டு யோசிச்சு வையுங்கோ."

"ஓம்" என்றேன்.

புத்தகத்தில் இன்னும் ஒரு பயிற்சிதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குப் போக வேண்டும். இதைவிடத் தடித்ததாக ஒன்று தேடி எடுக்க வேண்டும்.