காளைக்கு இரண்டு முறை மருந்து

அன்புள்ள அய்யாவுக்கு மாரிசெல்வி வணக்கத்துடன் எழுதுவது. பிள்ளைப்பாக்கத்தில் சாஸ்தா புண்ணியத்தில் நாங்கள் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

நேற்றுக் காலை, நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் கன்னியப்பன் நைட் ஷிப்ட் முடிந்து வந்து, வண்டிக்காளைக்குக் குடற்புழு மருந்து ஊற்றிவிட்டுத் தூங்கிவிட்டார். அது தெரியாமல் அவர் சம்சாரமும் ஊற்றிவிட்டார். சற்று நேரத்தில் காளை எச்சில் வடித்து நடுங்கியது.

“இன்னாய்யா, ஊத்திட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தூங்கக் கூடாதா?” என்று அந்த அக்கா அழுதார்.

“நீ எழுப்பிக் கேட்டியா?” என்றார் அவர்.

மாட்டு டாக்டர் ஊசி போட்டார். நான் சாஸ்தாவை வேண்டி மஞ்சள் துணியில் காசு முடிந்தேன். மாலையில் காளை எழுந்து தண்ணீர் குடித்தது.

உலை கொதிக்கிறது, முடிக்கிறேன். நம் காளைகளுக்கு மருந்து கொடுத்ததும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். எனக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள். அந்தச் சாக்கிலாவது உங்கள் குரலைக் கேட்பேன்.

மாரிசெல்வி