ஜூசான் இல்லாத உறை

தல்திகொர்கான்,
ஜூலை 3

என் குதிரைக்குட்டி ஒல்ஜாஸுக்கு, அப்பா எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம், தூரத்துப் பூசான் நகரில் உனக்கும் காற்று நல்லதாக வீசட்டும். உறுதியான செய்தியை முதலில் சொல்கிறேன். நம் புல்வெளியெல்லாம் மணக்கும் ஜூசான் செடியின் மகரந்தத்தைத் தடுத்து நிற்கும் எதிர்ப்பொருள் உன் தங்கை கம்ஷாத்தின் ரத்தத்தில் மூன்று வருடத்தில் ஒன்பது மடங்கு கூடியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தின் தாள் நேற்று வந்தது, டாக்டர் ஷோல்பானின் கையெழுத்தோடு நானே படித்தேன். தும்மலையும் இழுப்பையும் கிளப்பிவிடும் எதிர்ப்பொருள் அதிகம் குறையவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அப்புறம் என்னதான் மாறியது என்று விடாமல் கேட்டேன். "காவல்காரன் அதே ஆள்தாங்க. முன்னெல்லாம் விருந்தாளி வந்தாலே நாயை அவுத்துவிடுவான், இப்போ யாருன்னு கேக்கறான்" என்று டாக்டரம்மா சிரித்தார்.

அவளுக்கு இது வந்ததில் தவறு எங்களுடையது, நீ மறந்திருக்க மாட்டாய். பல்காஷ் ஆட்டுப் பண்ணைக்குக் கம்ஷாத் கால்நடை மருத்துவராகப் போன வசந்தத்தில், வீட்டை விட்டுப் போகிறவர்களுக்கு ஊர் வாசனைக்காக எல்லோரும் கொடுப்பதுபோல அம்மாவும் ஒரு கொத்துக் காய்ந்த ஜூசானைக் கொடுத்தாள், அதுவும் தலையணைக்குள் வைத்துத் தைத்து. முதலில் மூக்கடைப்பு, பிறகு இழுப்பு. நாங்கள் ஆட்டு ரோமத்தைக் குறை சொன்னோம், புதுக் கொத்தும் அனுப்பினோம். அவள் நாற்பது நாள் நேரம் குறித்துவைத்து, ஆடுகளோடு இருக்கும்போது இல்லை, படுத்தால்தான் வருகிறது என்று கண்டுபிடித்துத் தலையணையைப் பிரித்தாள். முப்பது வருடம் செய்தி எழுதிய எனக்கு அந்தப் பொறுமை வாய்த்ததில்லை. ஆகஸ்டில் புல்வெளி முழுக்க ஜூசான் பூத்தது, ஆம்புலன்சில் வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் நாக்கடியில் சொட்டு மருந்து, உன் கல்யாணத்தன்றுகூட விடவில்லை. ஆனாலும் ஆகஸ்டானால் இங்கே ஓடிவந்துவிடுகிறாள், பண்ணை மேலாளரோ, "இந்த ஆகஸ்டும் டவுனுக்கு ஓடினா நான் வேற டாக்டரைப் பாத்துக்கறேன்மா" என்று சொல்லிவிட்டார்.

உனக்கும் காலையில் தும்மல் என்கிறாயே, தங்கையைப் போல நேரம் குறித்துவை. மூன்று வருடமாக வீட்டில் ஜூசான் கிடையாது என்பதால் உனக்கு வரும் உறையிலும் வழக்கமான கொத்து இல்லை. "வாசனை இல்லாத கடுதாசியை மோந்து பாத்துட்டு, வரி நோட்டீஸுன்னு தூக்கிப் போடப்போறான்" என்று அம்மா புலம்புகிறாள்.

குழந்தைகளோடு நீடூழி வாழ்க. ஜூலை 17 அன்று ஜூசான் மகரந்தத்தைக் கம்ஷாத்தின் மூக்கில் வைத்து, மூச்சை அளந்து பார்ப்பார்கள், முடிவு அன்று மாலையே. தேறுவாள் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் எழுத மாட்டேன். தேறினால் பல்காஷிலிருந்து உனக்கு ஒரு கொத்து அவளே பறித்து அனுப்புவாளாம். அடுத்து வரும் உறையைப் பிரிக்கும் முன் மோந்து பார்.

உன் அப்பா,
செரிக்பாய்