அலபாமாவுக்குப் போன துண்டு

மாதா துணை

திண்டிவனம் தாலுகா,
19-5-1963

என் கண்ணு ராயப்பனுக்கு அம்மா சவுரியம்மாள் நெற்றியில் சிலுவை போட்டு எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய்யில் ஆரம்பித்தால் கடிதம் முழுக்கப் பொய்யாகிவிடும் என்று கையை நிறுத்திக்கொண்டேன். உயிரோடு இருக்கிறோம், அது மாதா புண்ணியம். உன் உடம்பும் மனசும் நோகாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை சொல்கிறேன். உன் கடிதமும் படப் புத்தகமும் போட்டோவும் வந்தன. அங்கே கறுப்பு சனங்கள் ஓட்டலில் எல்லோரோடும் சமமாக உட்கார வேண்டும் என்று ஊர்வலம் போகிறார்கள், கூடப் படிக்கிறவர்கள் என்னையும் கூப்பிடுகிறார்கள், போகட்டுமா, இல்லை அப்பாவின் துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு வெளிநாட்டுக்காரன் என்று ஒதுங்கி இருக்கட்டுமா, அம்மா சொல்கிறபடி செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். பதில் சொல்கிறேன். ஆனால் இங்கே நடந்ததைக் கேட்ட பிறகுதான் அந்தப் பதில் உனக்குப் புரியும். கேட்டதும் பதறிப்போய்க் கப்பல் ஏறிவிடாதே.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். உன் தங்கை ஜெயம் அந்தப் புத்தகத்தை வரி வரியாகப் படித்து அர்த்தம் சொல்ல, தெருப் பெண்கள் எல்லாம் விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டே கேட்டோம். இப்போது அலபாமாவைப் பற்றி உன்னைவிட எங்களுக்குத்தான் அதிகம் தெரியும், வேண்டுமானால் கேட்டுப் பார். வடக்கே மலை, பெரிய ஆறு, ஆற்றை மறித்து அணைகள், அதில் கரண்டு எடுக்கிறார்கள். அந்தப் பக்கமே ஓர் ஊரில் ஆகாயத்துக்கு விடுகிற ராக்கெட்டும் செய்கிறார்கள். நடுவில் கரிசல், பருத்திக்கென்றே பிறந்த மண். தெற்கே நம்ம ஊர் மாதிரியே செம்மண், அதிலே வேர்க்கடலை, நம்ம மல்லாட்டைதான். அதற்கும் கீழே கடல், கப்பல் வருகிற துறைமுகம். பக்கத்து வீட்டுத் தையல்நாயகிக்கு நம்பிக்கை வரவில்லை. செம்மண்ணும் மல்லாட்டையும் பாக்க இம்மாந் தூரம் கப்பல்ல போவணுமா, ஒலக்கூருக்குப் போனா போதாதா என்று சிரித்தாள். இரும்புக் கல்லும் நிலக்கரியும் சுண்ணாம்பும் ஒரே இடத்தில் கிடைக்கிறதாம், அதனால் பர்மிங்காம் என்கிற பட்டணம் முழுக்க இரும்பு உருக்குகிற உலையாம். அங்கே மலைமேல் ஓர் இரும்பு ஆள், சிலைதான், நிற்கிறானே, பனைமரம் உயரம், முன்னாலே கொல்லர்கள் உலையடியில் கட்டுகிற தோலைக் கட்டியிருக்கிறான், பின்னாலே ஒன்றுமே இல்லை. அவ்வளவு இரும்பைக் கொட்டினவன் கூட ஒரு கோமணத்துக்குக் கொட்டியிருக்கக் கூடாதா? பருத்தி எடுக்கிற படம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அணை கட்டினவன், மில் வைத்தவன், சட்டசபையில் உட்கார்ந்தவன் எல்லோருக்கும் முகம் இருக்கிறது. பருத்தி எடுக்கிறவர்களுக்கு முதுகு மட்டும்தான். அந்த முதுகு எனக்குத் தெரிந்த முதுகு.

அப்புறம் உன் போட்டோ. நீ முண்டாசு கட்டிக்கொண்டு நிற்கிறாய், பின்னால் ஒரு பெண் சிலை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது, மாதா என்று. தையல்நாயகி இந்துக்காரிதான், அவளும் கும்பிட்டாள். பிறகு ஜெயம் உன் கடிதத்தைப் படித்தாள், அது மாதா இல்லை, கையில் இருப்பது பருத்தியை அழித்த வண்டாம், பருத்தி போனதால் மல்லாட்டை போட்டுப் பணக்காரர் ஆனோம் என்று அந்த வண்டுக்கு நன்றி சொல்லிச் சிலை வைத்திருக்கிறார்களாம். அடப் பாவிகளா! நாங்கள் கம்பளிப்பூச்சியைப் பள்ளம் வெட்டிக் கொளுத்திக்கொண்டிருக்கிறோம், அங்கே பூச்சிக்குச் சிலை, அந்தக் காட்டில் மல்லாட்டை பிடுங்கினவளுக்கு ஒரு செங்கல் கூட இல்லை. ஆனால் உன் அப்பாவுக்குச் சிலையா கண்ணில் பட்டது? விழுப்புரம் ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்ற வந்தபோது, இங்கே யாருக்கும் நம்மைத் தெரியாது என்று அந்தச் சிவப்புக் கரைத் துண்டை முதல் முறையாகத் தோளில் போட்டுக்கொண்டாரே, வண்டி கிளம்பும்போது அதையே உன் தோளில் போட்டாரே, அதுதான் உன் தலையில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். வெறுந்தலையோடு போனபோது கறுப்பு ஆள் என்று நினைத்துப் பிடரியில் கட்டையால் அடித்துத் துரத்தின அதே கடைக்காரன், முண்டாசைப் பார்த்து நாற்காலி இழுத்துப் போட்டான் என்று நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

போட்டோவுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று போன வெள்ளிக்கிழமை திண்டிவனம் போனார். உன்னிடம் கொடுத்ததற்குப் பதிலாக வேறொரு துண்டு வைத்திருக்கிறார், பட்டணத்தில் அது தோளில் இருக்கும், ஊர்ப் புளியமரம் வந்ததும் இடுப்புக்கு இறங்கிவிடும், உனக்குத் தெரியாததா? அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கினவர் கண்ணாடிப் படத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். துண்டு இறங்கவில்லை. கிருஷ்ணசாமி ஆண்டையின் மகன் சீனுவாசன் கடைத்தெருவில் ஆட்களோடு உட்கார்ந்திருந்தவன், இன்னாடா, புள்ள சீமைக்குப் போனா அப்பனுக்குத் தோளு மொளச்சிடுமா என்று கேட்டான். இவர் சொன்ன பதிலைக் கேள். கையி ஒழியல சின்ன ஆண்டே, கண்ணாடி வச்சிக்கினு இருக்கேன், வூட்டுக்குப் போயி எறக்கிடறேன். அவ்வளவுதான். அவன் எழுந்து அந்தத் துண்டையே கழுத்தில் முறுக்கி இழுத்தான். படம் விழுந்து உடைந்தது. அவன் செருப்புக் காலால் உன் முகத்தின்மேல் ஏறி நின்றான். பிறந்ததிலிருந்து ஒரு மாட்டைக்கூட அதட்டாத மனுஷன், அப்போதுதான் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். மாட்டுச் சாட்டையும் விறகுக் கட்டையும் சேர்ந்து விழுந்தன. கண்ணாடித் துண்டுகள் மேலேயே போட்டுப் புரட்டினார்கள். முதுகில் சதை பிய்ந்து தொங்கியது, காது கிழிந்தது, இரண்டு பல் போயிற்று. போதாதென்று ஆண்டை வீட்டு நாயை அவிழ்த்துவிட்டார்கள். அது ஓடி வந்து உன் அப்பா முகத்தை நக்கியது. தினமும் அதற்குக் கஞ்சி ஊற்றுகிறவர் இவர்தானே! அந்த ஆத்திரத்தில் சீனுவாசன் நாயையும் அடித்து இடுப்பை ஒடித்தான்.

நான் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தேன், செய்தி கேட்டு களைக்கொட்டோடு ஓடினேன். யாரையும் பார்க்கவில்லை, உன் அப்பா கழுத்தை முறுக்கின கை மட்டும்தான் தெரிந்தது, அந்தக் கையில் ஒரே போடு போட்டேன். எலும்பு நொறுங்கின சத்தம் எனக்கே கேட்டது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், மனஸ்தாபப்படு என்றார் சாமியார், வரவில்லை சாமி, வந்தால் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். என் தலையிலும் ஒரு வெட்டு, தையல் போட்டிருக்கிறது, காய்ந்துகொண்டு வருகிறது. பொழுது சாயும்போது பந்தம் பிடித்துக்கொண்டு கூட்டமாக வந்தார்கள். காற்று வேறு. ஒரு கூரையில் வைத்த தீ எங்களைத் தாண்டி மாதா கோயில் வேலி வரைக்கும் ஓடிற்று. தண்ணீர் மொள்ளப் போனவர்களைக் கிணற்றடியில் நின்று அடித்தார்கள். தையல்நாயகி கட்டிப்போட்டிருந்த ஆடுகள் உயிரோடு எரிந்தன, அந்தக் கத்தல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. நாங்கள் மாரில் அடித்துக்கொண்டு பார்த்து நின்றோம். உன் படப் புத்தகமும் கூரையோடு போயிற்று, மலையும் ஆறும் கப்பலும் எல்லாம் சாம்பல். உன் போட்டோ மட்டும் ஜெயத்தின் ரவிக்கைக்குள் இருந்ததால் தப்பியது, செருப்புத் தடம் இருக்கிறது, முகம் தெரிகிறது.

இப்போது கோயில் தாழ்வாரத்தில்தான் இருக்கிறோம். சாமியார் கையெழுத்துப் போட்டுக் கேஸ் கொடுத்தாயிற்று, திண்டிவனம் கோர்ட்டில் ஆடி மாதம் விசாரணை. அதற்குள் ஆண்டை சொல்லி அனுப்பினார், கடைத்தெருவில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காலில் விழுந்தால் கீற்றும் மூங்கிலும் தருகிறேன், இல்லாவிட்டால் தெருவில் ஒருத்தருக்கும் எந்தக் காட்டிலும் வேலை கிடையாது என்று. தெருவே உன் அப்பா முகத்தைப் பார்த்தது. எனக்குப் பயம், எங்கே விழுந்துவிடுவாரோ என்று, நல்ல மனுஷனுக்கு விழுவது சுலபம். அந்த நேரம் சாமியார் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினார், உன் அலபாமா, அதே பர்மிங்காம். போலீஸ்காரன் நாயை ஏவிவிட்டிருக்கிறான், அது ஒரு பையன் வயிற்றைக் கவ்வுகிறது, நெருப்பணைக்கிற குழாயில் தண்ணீரைப் பீய்ச்சிப் பிள்ளைகளைச் சுவரோடு சாய்க்கிறார்கள். அந்தப் பையன் ஓடவில்லையடா. உன் அப்பா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீங்கின வாயால், அந்த நாயிக்கு இவன் கஞ்சி ஊத்தியிருக்க மாட்டான் போல இருக்கு என்றார். அப்புறம், நான் கால்ல வுழமாட்டேன், கோர்ட்டுக்கு வர்றேன், தோள்ல துண்டு போட்டுக்கினுதான் வர்றேன் என்றார். வேலை போனாப் போவட்டும், பேஜாரு இன்னா புதுசா என்று தையல்நாயகிதான் முதலில் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஆகவே என் பதில். போ. கல்லெடுக்காதே, களைக்கொட்டு எடுக்காதே, அதெல்லாம் உன் அம்மாவோடு போகட்டும். சாப்பிடாமல் போகாதே, கண்ணாடிக் கடை ஓரம் நிற்காதே, தனியாகப் போகாதே. ஆனால் வெறுந்தலையோடு போ. அந்தத் துண்டு தலையில் இருக்கும் வரைக்கும் அந்தக் கடைக்காரன் நாற்காலி போட்டது உனக்கில்லை, துண்டுக்கு. அதைப் பார்சல் கட்டி அனுப்பிவிடு. கப்பலில் போடாதே, ஆடிக்குள் வராது, விமானத்தில் போடு. கழுத்தை முறுக்கின துண்டு போலீசில் சாட்சியாக இருக்கிறது. விழுப்புரத்தில் புதுசு வாங்கித் தருகிறேன் என்றால் உன் அப்பா வேண்டாம் என்கிறார், அதுதான் வேண்டுமாம்.

மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும், துணி இல்லாத தலையை அவள் பார்த்துக்கொள்வாள். சனிக்கிழமை எண்ணெய் வை. ஜெயம் முத்தம் சொல்கிறாள். ஒன்று மறக்காதே, துண்டைத் துவைத்து அனுப்பிவிடாதே, உன் தலையில் இருந்தது இருந்தபடியே மடித்து வை. அப்பா சொல்லச் சொன்னார். ஏன் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இப்படிக்கு,
உன் வரவுக்கு அல்ல, உன் துண்டின் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
சவுரியம்மாள்